பத்தொன்பது பேர் நினைவாக

சித்திரை வெயிலில் மரக்கன்று நடுகிற அறக்கட்டளை ஒன்று பரளச்சியில் இருந்தது. அக்னி நட்சத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பாக, கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, நூறு வேப்பங்கன்றுகளை ஏற்றிக்கொண்டு போய்க் கண்மாய்க் கரையில் நடுவார்கள். கன்றுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, பேனரைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ஒரு வாரத்தில் கன்றெல்லாம் குச்சியாகிவிடும். அடுத்த சித்திரையில் அதே குழிகளில் மறுபடியும் நூறு. ஏழு வருஷமாக இது நடந்தது. யாருக்கும் புத்தி பேதலிக்கவில்லை. திருச்சுழிப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் சித்திரை மாதத்தில் இறந்துபோனார், அதுதான் காரணம்.

அந்த அறக்கட்டளையில் எல்லா வேலையும் யாராவது ஒருவர் நினைவாகத்தான் நடக்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்காரர்கள் தலைவர் தங்கசாமியின் உரக்கடைக்கு வருவார்கள். தங்களால் முடிந்ததைக் கொடுத்து, இன்னது செய்யுங்கள் என்பார்கள். தங்கசாமி நீள நோட்டை எடுத்து ‘நோக்கங்கள்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். மறைந்த இன்னார் நினைவாக இன்னது செய்தல். அதன்பின் வருஷா வருஷம் அவர் இறந்த தேதியில் அது நடந்தாக வேண்டும். தேதி பொருந்துகிறதா என்று எவரும் பார்த்ததில்லை. தீபாவளிக்கு முதல் நாள் கண் சிகிச்சை முகாம் போட்டார்கள், நாலு பேர் வந்தார்கள். முழுப் பரீட்சை முடிகிற வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். பத்து வருஷத்தில் பத்தொன்பது வரி சேர்ந்துவிட்டது.

செயலாளர் ஷர்மிளா பானுவிடம் உங்கள் அமைப்பு எதற்காக இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவாள். யார் எந்தத் தேதியில் செத்தார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். வயது நாற்பத்தொன்று. ஆசிரியர் பயிற்சி படித்தவள். பேனர் அடிக்கக் கொடுப்பது, மைக் செட்டுக்குச் சொல்வது, போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, படத்தில் யார் முகம் மறைந்துபோனது என்று வருகிற சண்டையைத் தீர்த்துவைப்பது எல்லாம் அவள் பாடு. சலித்துப்போயிருந்தாள். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, ஏனென்றால் பன்னிரண்டாவது வரி அவளுடையது. மறைந்த முஸாஃபர் நினைவாக இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு ஹெல்மெட் வழங்குதல்.

முஸாஃபர் அவள் கணவன். சவூதியில், தம்மாமிலிருந்து லீவில் வந்திருந்தபோது அருப்புக்கோட்டை ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். தலையில் ஹெல்மெட் இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷமாக, ஆகஸ்டு பதினொன்றாம் தேதி காலையிலிருந்து பொழுது இறங்கும்வரை பானு ஊர் முக்குரோட்டில் நின்று முப்பது ஹெல்மெட் கொடுப்பாள். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படியும் அந்த ஒரு நாள் அவன் பெயரை மைக்கில் சொல்கிறார்களே என்று அடுத்த வருஷமும் போய் நிற்பாள்.

இத்தனைக்கும் நடுவே உண்மையிலேயே உபயோகமான வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது நோட்டில் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைத்தாய் என்கிற பெண், முப்பத்தைந்து வயதுகூட ஆகாதவள், இரண்டு சிறுநீரகமும் போய், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போகக் காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் வரவில்லை. அறக்கட்டளையின் பழைய ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த டிரைவர் கோகுல் ஏற்றிக்கொண்டு போனான். அடுத்த தடவையும் ஏற்றினான். பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நின்றார்கள். இப்போது செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பத்துப் பேர். யாரும் செத்து ஆரம்பித்த வேலையில்லை என்பதால் அதற்கு வரியும் கிடையாது, பேனரும் கிடையாது.

வேன்தான் தாங்கவில்லை. பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வைகாசியில் மூன்று தடவை வழியில் நின்றுபோனது. அதில் இரண்டு தடவை டயாலிசிஸைத் தவறவிட்ட பெரியவர் ஒருவர் ஆனி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மகன் உரக்கடைக்கு வந்தான். அவர் நினைவாகத் தண்ணீர்ப்பந்தல் வைக்க வேண்டுமாம். தங்கசாமி பத்தொன்பதாவது வரியை எழுதினார். பானு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

சென்னையில் இருக்கிற ஒரு பெரிய அறக்கட்டளைக்கு அவள் கடிதம் எழுதியது அந்த வாரத்தில்தான். அங்கிருந்து ஆனந்தகுமார் என்பவர் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை கயிறு கட்டிய கதவோரம் உட்கார்ந்து நோயாளிகளோடு அருப்புக்கோட்டை வரைக்கும் போய்த் திரும்பினார். புது வேனும் மூன்று வருஷத்துக்கு டிரைவர், டீசல் செலவும் தரலாம் என்றார். நிபந்தனை இரண்டே இரண்டுதான்.

“ஒரு வாக்கியம் எழுதிக் குடுங்க மேடம். யாருக்கு, என்ன, எத்தனை பேருக்கு, எப்போதுக்குள்ள. நாலும் அதுல இருக்கணும். இந்த மூணு வருஷம் வேற எந்த வேலையும் எடுக்க மாட்டோம்னு கமிட்டி தீர்மானமும் வேணும். மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடுங்க.”

ஒரு வாக்கியம்தானே என்று பானு உற்சாகமாகத்தான் உட்கார்ந்தாள். ‘பரளச்சி வட்டார ஏழை எளிய மக்களின் வாழ்வை எல்லா வகையிலும் மேம்படுத்துதல்’ என்று எழுதினாள். தங்கசாமிக்கு ரொம்பப் பிடித்துப்போய், கடைக்கு உரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். மறுநாள் ஆனந்தகுமார் போனில் வந்தார்.

“நல்லாருக்கு மேடம். இதை வேண்டாம்னு சொல்ல யாரும் இல்ல. ஆனா திங்கட்கிழமை காலையில எந்திரிச்சு இதுக்கு என்ன பண்ணுவீங்க?”

அடுத்த தடவை, அந்த வாக்கியத்துக்குக் கீழே பத்தொன்பது வரியையும் உப நோக்கங்கள் என்று போட்டு அனுப்பினாள். அதற்கும் போன் வந்தது. இந்தத் தடவை அவர் மெதுவாகக் கேட்டார். “மேடம், இதுல அந்த வேன் எங்க இருக்கு?”

பானு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இல்லை. எந்த வேனுக்காக இத்தனையும் எழுதினாளோ அதை எழுத மறந்திருந்தாள். பத்து வருஷம் இப்படித்தான் ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பத்தொன்பதையும் நிறுத்த வேண்டும் என்று அவள் சொன்னதும் தங்கசாமி தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“செத்தவுக பேர் மேல பேனாவை வைக்கச் சொல்றியாம்மா?”

“வேனு நின்னுபோனா உசுரோட இருக்கிறவுக சாவாக அண்ணாச்சி.”

“எனக்குத் தெரியாதா? நான் என்ன கல்லா?” அவர் தராசுத் தட்டைத் திரும்பத் தூக்கி மாட்டினார். “சரி, கையெழுத்தை நான் போடுறேன். ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நேர்ல கேட்டுட்டு வந்துரணும். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேக்கப் போற மாதிரி. இது போன்ல கேக்குற விசயமில்ல.”

“நீங்களும் வாங்க.”

“விதைப்பு நேரத்துல கடையை யாரு பாக்குறது? நீ போனா வைய மாட்டாக. நான் போனா, கொடுக்கும்போது வாங்கிக்கிட்டேல்லன்னு கேப்பாக.” அதுவும் நிஜம்தான்.

பானு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பத்து நாள். காலையில் ஒரு டவுன் பஸ், மதியம் ஒரு டவுன் பஸ். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. சாவு நடந்து வருஷங்கள் ஆன வீடுகளில் போய் உட்கார்ந்து, மறுபடியும் அந்தச் சாவைப் பற்றியே பேச வேண்டியிருந்தது. சில வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. துஷ்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. இது துஷ்டி வீடா இல்லையா என்று அவளுக்கே தெரியாமல், ஒவ்வொரு வாசலிலும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மரக்கன்று வீட்டுக்காரி சுந்தராம்பாள் திருச்சுழியில் இன்னும் அந்தப் பலசரக்குக் கடையை நடத்திக்கொண்டிருந்தாள். பானு சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

“ஒரு கன்னுகூடப் பொழைக்கலைன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுல போகும்போது எட்டிப் பாப்பேன். நட்டாங்கல்ல, அது போதும்னு இருந்தேன்” என்றாள். பிறகு கல்லாவில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டு, “புது வேனுல அவுக பேரை எழுதிருவியா?” என்று கேட்டாள்.

துபாயிலிருந்து வீடியோவில் வந்த அப்துல் வாஹித்தும் அதையே கேட்டான். அவனுடைய அத்தா நினைவாகப் பள்ளிக்கூடப் பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “பையை நிறுத்திருங்கக்கா, வேனு பின்னாடிக் கண்ணாடியில அத்தா பேரு மட்டும் போதும்” என்றான். மூன்றாவது வீடும் நாலாவது வீடும் அதே. பத்தொன்பது பேர் பெயரையும் எழுதினால் வேனில் நோயாளிக்கு வெளியே பார்க்கக் கண்ணாடி மிஞ்சாது. அதற்குப் பிறகு பானு எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும்போதே, “வேனுல யாரு பேரும் வராது. போன் நம்பர் மட்டுந்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். அப்படிச் சொல்லும்போது தன் குரல் ஆபீஸ் குரலாக ஆகிவிடுவதைக் கேட்டு அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

மூக்கம்மாள் வீட்டில்தான் அந்தக் குரல் எடுபடவில்லை. அவள் மகன் பதினேழு வயதில் கிணற்றில் மூழ்கிப்போனவன். அவன் நினைவாகக் கபடிப் போட்டி.

“அவன் பேரை அடிச்சுட்டா, அப்புறம் அவன் எங்கம்மா இருப்பான்?” என்று மூக்கம்மாள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

 யாருக்கு, என்ன, எத்தனை பேருக்கு என்பதற்கெல்லாம் பானுவிடம் விடை இருந்தது. இதற்கு இல்லை. மூக்கம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மூக்கம்மாள், “அந்த வெள்ளைத்தாய்க்குப் பிள்ளைக இருக்கா?” என்று கேட்டாள். இரண்டு பேர், சின்னவனுக்கு ஏழு வயது என்று பானு சொன்னாள். மூக்கம்மாள் நோட்டை வாங்கி, தன் மகன் பெயர் எது என்று காட்டச் சொன்னாள். பேனாவை விளக்குமாறுபோல் மொத்தமாகப் பிடித்து, வரிமேல் ஒரு கோடு இழுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாத கை, கோடு கொஞ்சம் மேலே ஏறி அடுத்தவர் பெயரையும் தொட்டுவிட்டது.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் பானு பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்தாள். ஏற்கெனவே சரி சொல்லியிருந்த வீடுகளுக்கும் மறுபடி போய் நோட்டை நீட்டினாள். அப்துல் வாஹித்துக்காக அவன் அம்மா கோடு இழுத்தார். சுந்தராம்பாள் ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள். பதினெட்டு வரி முடிந்தது.

திருச்சுழியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்த வாக்கியம் தானாக வந்தது. மடியில் நோட்டை வைத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். ‘பரளச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பத்துப் பேரில் ஒருவர்கூட, வரும் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட, வண்டி இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தவறவிடக் கூடாது.’ எழுதிவிட்டுப் பார்த்தபோதுதான் பத்துப் பேர் இல்லை, ஒன்பது பேர் என்று நினைவு வந்தது. பத்தை அடித்து ஒன்பது என்று திருத்தினாள். அந்தப் பெரியவரின் முகம் வந்து போயிற்று.

மிச்சம் இருந்தது பன்னிரண்டாவது வரி. அதைத் தானே அடித்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த வரியை எழுதச் சொன்னது அவள் இல்லை, முஸாஃபரின் அம்மா மீரான் பீவி. பானுவுக்குப் பிள்ளை இல்லை. முஸாஃபர் போன பிறகு வீட்டில் மாமியும் மருமகளும் மட்டும்தான். அவரிடம் கேட்பதைத்தான் பானு ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டாள். இருந்த ஒரே மகனைப் பறிகொடுத்தவரிடம், அவன் பெயர் ஊர் வாயில் வருகிற ஒரு நாளையும் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? மாசக் கடைசி மறுநாள் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மீரான் பீவி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பானு எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள்.

“மாமி, ஒரு விசயம் கேக்கணும்.”

“பத்து நாளா ஊருல இருக்கிற வீட்டுக்கெல்லாம் போறே. இந்த வீட்டுக்கு எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார் மீரான் பீவி. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பானு எல்லாவற்றையும் சொன்னாள். மற்ற வீடுகளில் பத்து நிமிஷத்தில் சொன்னதை இங்கே சொல்ல அரை மணி நேரம் ஆனது. வெள்ளைத்தாயைப் பற்றிச் சொன்னாள், நிபந்தனையைச் சொன்னாள், மூக்கம்மாள் கோடு இழுத்ததைச் சொன்னாள். கடைசியில், “உங்களுக்கு மனசு கேக்கலைன்னா, ஹெல்மெட்டை நம்ம வீட்டுச் சார்பா தனியா குடுத்துருவோம் மாமி. நான் வழக்கம்போல முக்குரோட்டுல நிக்கிறேன். அவுக பேரைச் சொல்றது அந்த ஒரு நாளுதானே. உங்களுக்காகத்தான் நானும் இத்தனை வருசமா...” என்று இழுத்தாள்.

“எனக்காகவா?”

மீரான் பீவி கீரைச் சுளகைத் தள்ளி வைத்தார். கோபம் இல்லை, கேட்டது புரியாததுபோலத்தான் பார்த்தார்.

“எழுதச் சொன்னது நாந்தான். அப்ப ஆத்தமாட்டாம சொன்னேன். வருசப் பாத்திஹா பெறைக் கணக்குல வேற நாளுல வந்துருது. அன்னைக்கு ஓத ஆளு வருது, சோறு ஆக்குறோம், சொந்தபந்தம் வந்து வீடு நெறைஞ்சு கெடக்கு. எம்மகன் போன ஆகஸ்டு தேதி வேற. அதைச் சொந்தத்துல யாரும் நெனைப்பு வச்சிருக்கிறதில்ல, நீயும் நானுந்தான். அன்னைக்குக் காலையிலயே நீ பேனரைச் சுருட்டிக்கிட்டுப் போயிருவே.”

பானு உருவிய காம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

“நாலேகாலுக்குத்தான் போன் வந்துச்சு. வீட்டுல நானும் நீயும் இருந்தோம். நீதான் எடுத்தே. ஆறு வருசமா, அந்த நாலேகால் வரும்போது நான் ஒத்தையில ஒக்காந்து கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். மைக்குல அவன் பேரைச் சொல்றது இங்க வரைக்கும் கேக்கும். கேக்கையில, இவ நம்ம பக்கத்துல இருந்தா நல்லாருக்குமேன்னு இருக்கும். ஒரு நல்ல காரியத்துக்குப் போயிருக்கிற பிள்ளையை வராதேன்னு எப்படிச் சொல்ல?”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த வரியை அடிச்சுரு பானு. அடிச்சுட்டா, இந்த வருசம் அன்னைக்கு நீ வீட்டுல இருப்பேல்ல?”

ஆறு வருஷமாக யாருக்காக வெயிலில் நின்றோமோ அவரையே வீட்டில் தனியாக விட்டுவிட்டு நின்றிருக்கிறோம் என்பது பானுவுக்கு அப்போதுதான் புரிந்தது. பதினெட்டு வீட்டில் மற்றவர்கள் அழுததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அங்கே வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்ததுபோல் அழுதாள். “இருப்பேன் மாமி” என்று சொல்லி முடிக்க இரண்டு தடவை ஆனது.

மீரான் பீவி அவள் தலையைத் தன் மடிப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “எந்திரி, போய் நோட்டை எடுத்துட்டு வா. நாளைக்கு அனுப்பணும்ல” என்றார்.